சிரட்டைக்கரி சுடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிநொச்சியிலும் புதுக்குடியிருப்புப் பக்கத்திலும் இப்போது சிரட்டைக்கரி சுட இளம் பெடியள் பலர் இறங்கியிருக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் வளவுக்குள் போய்ப் பார்த்தால், நாங்கள் தொடக்கத்தில் விட்ட பிழைகளையே வரிசை பிசகாமல் விடுகிறார்கள். சுடுகிற பீப்பாவைத் தொடாதே, ஓலைக் கொட்டிலுக்குப் பக்கத்தில் நெருப்பு மூட்டாதே என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. சொன்னாலும் நம்பாமல் செய்கிற பிழைகள் வேறு இருக்கின்றன.

பீப்பாவை ஒரேயடியாக நிரப்புவது

45 கலன் பீப்பாவை வாய்வரை நிரப்பிவிட்டு அடியில் கொளுத்துகிறார்கள். சுவாலை மூச்சுமுட்டி அணைந்துபோக, மஞ்சள் கலந்த வெள்ளைப் புகை அயலெல்லாம் பரவுகிறது. "ஈரம்தானே அண்ணை போகுது" என்பார்கள். முதலில் போவது ஈரம்தான். அதற்குப் பிறகு போவது மெதேன், காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு, தார், புகைக்கரி. 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், மெதேன் அதே எடையுள்ள காபனீரொட்சைட்டைவிட ஏறக்குறைய 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். புகைக்கரி வாயு அல்ல, துகள். சில நாளோ ஓரிரு கிழமையோதான் வளியில் நிற்கும். அதற்குள் வெயிலை உறிஞ்சிச் சூடேற்றிவிடும், அயலாரின் நெஞ்சுக்குள்ளும் போய் இறங்கிவிடும்.

அடியில் கொஞ்சச் சிரட்டையை மூட்டி, அதன் மேல் சாம்பல் பூக்கத் தொடங்கும்போது அடுத்த அடுக்கைப் போடுங்கள். இப்படியே மேலே வாருங்கள். சுவாலை எப்போதும் மேலே நிற்க வேண்டும். கீழிருந்து எழும் வாயுவையும் புகையையும் அது எரித்துவிடும். சோளகம் அடிக்கிற நாளில் காற்று வரும் பக்கம் ஒரு தகரத்தைச் சாத்தி வையுங்கள். 100 கிலோ காய்ந்த சிரட்டைக்கு 25 கிலோ அளவில் கரி வந்தால் சூடு சரி.

ஈரச் சிரட்டை

மாரியில் நனைந்ததைக் காயவிடாமல் போட்டால் புகைதான் மிஞ்சும்.

ஆறாத கரியைச் சாக்கில் கட்டுவது

இதைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் விசர் வரும்.

ஒட்டுசுட்டான் பக்கத்தில் ஒரு தம்பி. பின்னேரம் பீப்பாவை மூடினான், விடியத் திறந்தான். மேலே கிடந்த துண்டொன்றை என் உள்ளங்கையில் வைத்து, "ஆறீட்டுது அண்ணை, பாருங்கோ" என்றான். உண்மைதான், அந்தத் துண்டு குளிர்ந்துதான் இருந்தது. "ஒரு நாள் பரப்பி விடடா" என்றேன். மத்தியானம் லொறி வருகுதாம். உரப்பைகளில் அள்ளிக் கட்டிக் கொட்டிலுக்குள் நெருக்கி அடுக்கி, மழை வந்தாலுமென்று படங்கால் இறுக்கி மூடியும் விட்டான். லொறி அன்றைக்கு வரவில்லை. சாமத்தில் நாய் குரைக்க எழும்பிப் பார்த்தால், நடுவிலிருந்த பைகள் உருகி வழிந்து கரி செந்தணலாய்க் கிடக்கிறது. கொட்டில் கூரையும் போயிற்று. தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றிய மிச்சத்தை, ஈரக்கரி என்று வாங்க வந்தவர் அரை விலைக்குக் கேட்டார்.

மேல் துண்டு குளிர்ந்திருப்பதால் நடுக்கரி ஆறிவிட்டதென்று ஆகாது. நகமளவு தணல் ஒன்று சாம்பலைப் போர்த்துக்கொண்டு கிடந்தால் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குப் படாது. தணலே இல்லாவிட்டாலும் ஆபத்து இருக்கிறது. புதுக்கரி காற்றிலுள்ள ஒட்சிசனை இழுக்கும், இழுக்கும்போது சூடாகும். பரப்பிக் கிடந்தால் அந்தச் சூடு பறந்துவிடும். நெருக்கிக் கட்டினால் உள்ளே சேர்ந்து சேர்ந்து தானாகவே பற்றும். தூள் கூடக் கூட இது கெதியாக நடக்கும்.

நிலக்கரிக்கும் இதே குணம்தான். அனல்மின் நிலையங்களில் நிலக்கரிக் குவியலைக் கனரக வாகனத்தால் அழுத்தி இறுக்குவது இடைவெளிக் காற்றை வெளியேற்றத்தான். சாக்கில் எவ்வளவு நெருக்கினாலும் அந்தக் காற்று போகாது. இந்தியாவின் ஜரியாவில் 1916இல் கண்டறியப்பட்ட சுரங்கத் தீ நூறு ஆண்டு கடந்தும் அடங்கவில்லை. ஒரு விளக்குக்கூட எரியாமல், ஒரு அடுப்புக்கூட மூளாமல் அத்தனை புகையும் வானத்துக்குப் போகிறது. எங்கள் கணக்கு சிறியது. ஆனாலும் நல்ல கரியில் ஐந்தில் நாலு பங்கு காபன் என்று வைத்தால், வீணாய் எரியும் ஒவ்வொரு கிலோவும் கிட்டத்தட்ட 3 கிலோ காபனீரொட்சைட்டாகிறது. அந்தத் தம்பிக்கு லாபமும் இல்லை, யாருக்கும் சோறும் வேகவில்லை.

மூடியின் விளிம்பைச் சேற்றால் பூசி, பீப்பாவின் அடிப்பக்கமும் குளிரும்வரை விடுங்கள். பிறகு வெறும் நிலத்தில், கொட்டிலுக்குத் தள்ளி, மெல்லிதாகப் பரப்பி ஒரு பகலும் ஓர் இரவும் விடுங்கள். இருட்டினதும் ரோச்லைற்றை அணைத்துவிட்டு ஒரு சுற்று நடந்து பாருங்கள். தணல் இருந்தால் அப்போது தெரியும். தூளை அரித்து எடுத்த பிறகே சாக்கு. சாக்குகளுக்கு நடுவே கை நுழையுமளவு இடம் வேண்டும். லொறிக்காரர் அவசரப்படுத்தினால் அடுத்த முறை வரச் சொல்லுங்கள்.

"நிலக்கரி இல்லைத்தானே" என்று ஆறுதல்படுவது

நுரைச்சோலையின் 900 மெகாவாற்று அனல்மின் நிலையத்தைக் காட்டி, "அவங்களிட்டைச் சொல்லுங்கோ" என்கிறார்கள். அங்கே எரிவது முழுவதும் கப்பலில் வரும் நிலக்கரி. அதைத் தோண்டும்போதே படிவத்துக்குள் அடைபட்டிருந்த மெதேன் சுரங்க நாட்டில் வெளியேறிவிடுகிறது. மிச்சம் இங்கே புகைபோக்கியால் போகிறது. எங்களுக்குச் சுரங்கமும் புகைபோக்கியும் ஒரே பீப்பாதான். சிரட்டை எரிந்து வரும் காபனீரொட்சைட்டைத் தென்னை திரும்ப எடுத்துக்கொள்ளும் என்பது சரி. மெதேனையும் புகைக்கரியையும் தென்னை எடுக்காது.

சிரட்டை முடிந்தால் காட்டைப் பார்ப்பது

வேண்டாம். பாலை மரமும் வீரை மரமும் வளர எவ்வளவு காலமென்று உங்களுக்குத் தெரியும். வன இலாகாவுக்கும் தெரியும்.

மூடிய அறைக்குள் கரிச்சட்டி

ஒருபோதும் வேண்டாம். காபனோரொட்சைட்டுக்கு மணமே இல்லை.

அரித்த தூளைக் கொட்டி எரிப்பது

சாக்கு ஒன்றில் ஒதுக்கி வையுங்கள். மாட்டெருவோடு கலந்து ஊறவிட்டால் மிளகாய்ப் பாத்திக்குப் போடலாம். என் வளவுக்கு வந்து கேட்டு வாங்கிப் போகிற தோட்டக்காரர் இருக்கிறார்கள்.