மலைவீட்டு ஷெட்டில் பைக் லிஃப்ட்: தரை பார்ப்பதிலிருந்து இறக்கி வைப்பது வரை

பைக் லிஃப்ட் வாங்கக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, “எத்தனை கிலோ தாங்கும்?” ஸ்ப்ளெண்டர் சுமார் 112 கிலோ, கிளாசிக் 350 சுமார் 195, ஹிமாலயன் 411 சுமார் 199. மலிவான சிசர் ஜாக்கியில்கூட (திருகினால் கத்தரிபோல் விரிந்து உயரும் ஜாக்கி) 300 அல்லது 500 கிலோ என்றுதான் அச்சடித்திருக்கும். போதாததற்கு, ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கும்போது முழு எடையும் ஜாக்கி மேல் வருவதில்லை. எடை தாங்காமல் ஜாக்கி நசுங்குவது அபூர்வம். பைக் பக்கவாட்டில் சாய்ந்து விழுவதுதான் வழக்கம். ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் சமமான தரையோடு ஷெட் கிடைப்பதே அதிர்ஷ்டம் என்பதால், இங்கே காசு எடுப்பதற்கு முன் ரசமட்டத்தை எடுக்க வேண்டும்.

முதலில் தரை

ஷெட் கட்டும்போதே தண்ணீர் ஓட வாட்டம் விட்டிருப்பார்கள். பைக் நிற்கப்போகும் இடத்தில் ரசமட்டத்தை நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் வைத்துப் பாருங்கள். ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் வரை இறக்கம் இருந்தால் சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால், பைக்கை வாட்டத்தின் குறுக்கே ஒருபோதும் நிறுத்தாதீர்கள். வாட்டத்தின் போக்கிலேயே, முன்சக்கரம் மேட்டுப் பக்கம் இருக்கும்படி நிறுத்துங்கள். முகம் பள்ளத்தைப் பார்த்து நின்றால், லேசாக உருண்டாலே சைடு ஸ்டாண்டு மடங்கிக்கொள்ளும்.

தரை மோசமாக இருந்தால் ஷெட் முழுவதையும் உடைத்துப் போட வேண்டியதில்லை. ஜாக்கி உட்காரும் இடத்தில் மட்டும் 2 அடிக்கு 3 அடி, 4 அங்குல கனத்தில் கான்கிரீட் திட்டு ஒன்றை மட்டம் பார்த்துப் போடச் சொல்லுங்கள். சிமெண்ட், மணல், ஜல்லி 1:2:4 கலவை போதும். மேல்மட்டம் பழைய தரையோடு சமமாக இருக்கட்டும். மேடாக விட்டால் பைக்கை ஏற்ற முடியாது. குளிரில் கான்கிரீட் மெதுவாகத்தான் இறுகும். கீழே கோவையில் ஒரு வாரம் விடுவதென்றால் இங்கே இரண்டு வாரம் விட்டுவிடுங்கள்.

டைல்ஸ் தரையும் இன்டர்லாக் கல்லும் ஜாக்கிக்கு ஆகாது. முன்னது வெடிக்கும், பின்னது அமுங்கும். வெறும் மண் தரை என்றால் 18 மில்லிமீட்டர் பிளைவுட் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகத் திருகி, இரண்டடிக்கு இரண்டடி பலகையாக அடியில் போடலாம். ஆனால் ஜூனில் மழை பிடித்த பிறகு செம்மண் தரையில் அந்தப் பலகையும் ஒரு பக்கமாக இறங்கும். அந்த மாதங்களில் மண் தரையில் தூக்காமல் இருப்பதே நல்லது.

அடுத்து, பைக்கின் வயிறு

டார்ச்சோடு படுத்து எஞ்சினுக்கு அடியில் பாருங்கள். இணையாக இரண்டு ஃபிரேம் குழாய்கள் முன்னிருந்து பின்னே ஓடினால் சிசர் ஜாக்கிக்கு ஏற்ற வண்டி. குழாயே இல்லாமல் எஞ்சின் அடிப்பாகம் நேராகத் தெரிந்தால், அந்த பைக்கில் எஞ்சினும் ஃபிரேமின் ஒரு பகுதி. பல 125 சிசி வண்டிகளும் கேடிஎம் டியூக்கும் இந்த ரகம். அதில் ஜாக்கி வைத்தால் ஆயில் டிரெயின் நட்டு, எஞ்சினின் அலுமினியக் கூடான கிராங்க் கேஸ், புகை போகும் பெண்ட் பைப் இவற்றில் ஏதோ ஒன்றின் மேல்தான் எடை உட்காரும். கிராங்க் கேஸில் விரிசல் விழுந்தால் ஆகும் செலவில் நாலைந்து ஜாக்கி வாங்கலாம். சம்ப் கார்டு தகடு மாட்டிய வண்டியில் தகட்டைக் கழற்றிவிட்டு உள்ளே ஃபிரேமைத் தேடுங்கள். தகடு கல் தெறிப்புக்குப் போட்டது, எடை சுமக்க அல்ல.

எதை வாங்குவது

செயின் சுத்தம், செயின் டைட், பின்சக்கரம் இவ்வளவுதான் வேலை என்றால், பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் பேடாக் ஸ்டாண்டு போதும். இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்மில் மரை போட்ட துளை இருந்தால் அதில் ஸ்பூல் என்ற உருளைக் குமிழை மாட்டி, கொக்கி போட்ட ஸ்டாண்டு வாங்குங்கள். எம் 6, எம் 8, எம் 10 என்று அளவு வண்டிக்கு வண்டி மாறும். மேனுவலைப் பார்த்து வாங்குங்கள், கண்மதிப்பு வேண்டாம். துளை இல்லாத வண்டிக்கு எல் வடிவ ரப்பர் தாங்கி வைத்தது.

சென்டர் ஸ்டாண்டு இருக்கிற வண்டிக்குப் பேடாக் ஸ்டாண்டு வீண் செலவு. சென்டர் ஸ்டாண்டு போட்டு, ஃபிரேமின் முன்பகுதியில் ஒரு சிறிய சிசர் ஜாக்கி வைத்தால் முன்சக்கரமும் எழும்பிவிடும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவிலும் பிரேக் பிடித்தே இறங்குகிறவர்களுக்கு முன் பிரேக் பேடு அடிக்கடி தேயும். அந்த வேலைக்கு இந்த ஜோடி போதும்.

மேடை போல இருக்கும் ஹைட்ராலிக் லிஃப்ட் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். இரண்டு மீட்டருக்கு மேல் நீளம், நூறு கிலோவுக்கு மேல் எடை. ரோட்டிலிருந்து நாற்பது படி இறங்கிப் போகிற வீட்டுக்கு அதை யார் தூக்கி வருவது? வீட்டு வேலைக்கு வேண்டாம்.

சிசர் ஜாக்கி வாங்கும்போது கிலோ கணக்கை விட்டுவிட்டு இவற்றைப் பாருங்கள். அடிப்பாகம் குறைந்தது 35 சென்டிமீட்டர் அகலம் வேண்டும். மேல் பேடு இரண்டு ஃபிரேம் குழாய்களையும் தாண்டி இருபுறமும் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். வாங்கும் முன்பே குழாய்களுக்கு இடையிலான தூரத்தை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். முழுக்க இறக்கிய உயரம் பைக்கின் தரை இடைவெளியைவிடக் குறைவாக இருக்க வேண்டும். ஹிமாலயன் 411-க்கு 220 மில்லிமீட்டர் என்பதால் எதுவும் நுழையும். ஸ்ப்ளெண்டருக்கு 165 மில்லிமீட்டர்தான், பார்த்து வாங்குங்கள். திருகின் மரை தட்டையான தலையோடு தடிமனாக இருக்கட்டும். ஊசி முனை மரை சீக்கிரம் தேயும். பாதி உயரத்துக்கு ஏற்றி, பேடைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். வெறும் ஜாக்கியிலேயே கடகடவென்று ஆடினால், பைக் ஏறியதும் அந்த ஆட்டம் ஹேண்டில்பார் உயரத்தில் பலமடங்காகும்.

காரின் டிக்கியில் இருக்கும் ஜாக்கியைப் போட்டுத் தூக்கலாமா என்று கேட்பவர்கள் நிறைய. கூடாது. அதன் தலை உள்ளங்கை அகலம்கூட இல்லை.

கடையில் பார்த்து வாங்க மேட்டுப்பாளையமோ கோவையோ இறங்குவது நல்லது. கொடைக்கானல்காரர்களுக்கு மதுரை, திண்டுக்கல். ஆன்லைனில் வாங்கினால், சரியில்லாத பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ள உங்கள் பின்கோடுக்கு ஆள் வருவார்களா என்று முதலில் பாருங்கள். மலைக்கு டெலிவரி வருவது வேறு, பத்துப் பன்னிரண்டு கிலோ இரும்பைத் திரும்ப எடுத்துப் போவது வேறு.

தூக்குவதற்கு முன்

ஜாக்கியைப் பைக் இல்லாமல் அடி முதல் நுனி வரை இரண்டு முறை ஏற்றி இறக்குங்கள். புதிய ஜாக்கியில் துரு பிடிக்காமல் இருக்கத் தடவிய எண்ணெய்தான் இருக்கும், கிரீஸ் இருக்காது. மரை முழுவதும் லித்தியம் கிரீஸ் தடவுங்கள், பின்கள் மீது இரண்டு சொட்டு எண்ணெய்.

கையோடு இவையும் இருக்கட்டும்: பழைய டியூப்பைக் கீறி எடுத்த இரண்டு அடி வார், சைடு ஸ்டாண்டுக்கு அடியில் போட ஓர் அங்குலப் பலகை, சக்கரத்துக்கு இரண்டு தடைக்கட்டை, இழுத்து இறுக்கிக் கட்டும் ராட்செட் பெல்ட் இரண்டு, அடுக்கி வைக்க நாலைந்து கட்டைகள். கட்டைக்குப் பச்சைத் தைலமரம் வேண்டாம், காயும்போது வெடிக்கும். மரக்கடையில் பழைய கதவுச் சட்டத் துண்டுகள் கேளுங்கள். ஹாலோ பிளாக்கும் செங்கல்லும் கட்டைக்கு மாற்று ஆகாது. எடை ஒரு முனையில் விழுந்தால் முன்னறிவிப்பில்லாமல் நொறுங்கும்.

எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். சைடு பாக்ஸ் இருந்தால் கழற்றிவிடுங்கள். முன்சக்கரத்தைத் தூக்குவதானால் டேங்க் நிரம்பியிருக்கக் கூடாது.

கழற்றப்போகும் ஆக்ஸில் நட்டு மாதிரி இறுக்கமான நட்டுகளை இப்போதே, இரண்டு சக்கரமும் தரையில் இருக்கும்போதே, கால் சுற்று தளர்த்திவிடுங்கள். புதியவர்கள் பைக்கை விழவைப்பது பெரும்பாலும் இங்கேதான். தூக்கிய பிறகு நீண்ட ஸ்பேனர் போட்டு உடலைச் சாய்த்து இழுத்தால், நட்டு அசையாது, பைக் அசையும்.

தூக்கும் முறை

ஃபிரேம் குழாயின் அடியில் ஒட்டிய சேற்றைத் துடைத்தெடுங்கள். தேயிலைத் தோட்டப் பாதையில் ஓடும் வண்டியில் அங்கே களிமண் பத்தையாகக் காய்ந்து கிடக்கும். அதன் மேல் பேடு உட்கார்ந்தால், பாதி ஏறியதும் மண் உதிர்ந்து வண்டி ஒரு விரற்கடை சட்டென்று இறங்கும்.

முன் பிரேக் லீவரை ஹேண்டில் கிரிப்போடு சேர்த்து டியூப் வாரால் இறுக்கிக் கட்டுங்கள். பின்சக்கர வேலைக்கு நியூட்ரலில் வையுங்கள்; முன்சக்கரம் எழும்பினால் முன் பிரேக் பயன்படாது, அதற்கு முதல் கியரில் வையுங்கள். தரையில் நிற்கும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் தடைக்கட்டை வையுங்கள். சைடு ஸ்டாண்டுக்கு அடியில் பலகை போட்டால் பைக் கொஞ்சம் நிமிரும். முழுக்க நிமிர்த்தாதீர்கள், இடப்பக்கம் சற்றுச் சாய்ந்தே இருக்கட்டும், இல்லையென்றால் வலப்பக்கம் போய்விடும். முதல் சில முறை ஹேண்டில்பாரைப் பிடிக்க இன்னொருவர் கட்டாயம் வேண்டும்.

வலப்பக்கத்திலிருந்து ஜாக்கியை நுழையுங்கள். சக்கரம் வைத்த ஜாக்கி என்றால் சக்கரங்களைக் கழற்றிவிடுவது நல்லது. பேடு குழாய்களைத் தொடும் வரை கையாலேயே திருகுங்கள். பெண்ட் பைப், பிரேக் ஹோஸ், வயர் எதுவும் நடுவில் மாட்டவில்லையே என்று குனிந்து பாருங்கள். பிறகு ஸ்பேனர். சிசர் ஜாக்கி தாழ்ந்திருக்கும்போதுதான் திருகுவது கடினம், கைகள் நிமிர நிமிர இலகுவாகும். ஆரம்பத்தில் கனமாக இருக்கிறதே என்று இம்பாக்ட் கன் போடாதீர்கள், மரை போய்விடும்.

ஒரு சென்டிமீட்டர் ஏறியதும் நிறுத்துங்கள். எந்தச் சக்கரம் முதலில் எழும்புகிறது? முன்சக்கரம் என்றால் ஜாக்கி எடை மையத்துக்கு முன்னால் இருக்கிறது; பின்சக்கரம் என்றால் பின்னால். பின்சக்கர வேலைக்கு ஜாக்கி சற்றுப் பின்னே, முன்சக்கர வேலைக்குச் சற்று முன்னே. இடம் மாற்ற வேண்டுமானால் முழுக்க இறக்கிவிட்டு மாற்றுங்கள், எடை இருக்கும்போது ஜாக்கியைத் தட்டி நகர்த்தாதீர்கள். இரண்டு சக்கரமும் அந்தரத்தில் நிற்கும்படி தூக்குவது வீடியோவுக்கு நன்றாக இருக்கும். புதியவருக்கு ஒரு சக்கரம் தரையில் இருப்பதே பாதுகாப்பு. ஒரு சக்கரத்தைக் கழற்றியதும் எடை மறுமுனைக்குத் தாவும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

சக்கரம் தரையிலிருந்து நான்கைந்து சென்டிமீட்டர் எழும்பினால் போதும். உயரம் கூடக் கூட ஆட்டமும் கூடும். இப்போது இரண்டு பெல்ட்டையும் முன் ஃபோர்க் குழாய்கள் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் கிளாம்ப்புகளில் கீழே உள்ளதில் மாட்டி, இருபுறமும் தரையில் பதித்த கொக்கிகளுக்கு இழுத்துக் கட்டுங்கள். கொக்கிக்கு 10 மில்லிமீட்டர் ஆங்கர் போல்ட், கான்கிரீட்டில் மட்டும். மண்சாந்தில் கட்டிய பழைய கல்சுவரிலோ தகரக் கூரையைத் தாங்கும் பைப்பிலோ கட்டாதீர்கள். பெல்ட் சாயாமல் பிடிக்க மட்டுமே, தொங்கவிட அல்ல. கடைசியாக, ஃபிரேமுக்கு அடியில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விட்டுக் கட்டைகளை அடுக்குங்கள். ஜாக்கி நழுவினாலும் உங்கள் கை நசுங்காது.

செயின் சுத்தம் செய்யும்போது சக்கரத்தைக் கையால் மட்டும் சுற்றுங்கள். எஞ்சினை ஓட்டி, கியர் போட்டுச் செயினில் துணி பிடிப்பவர்கள் விரலை இழக்கிறார்கள். ஓ ரிங் செயினுக்கு மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷ்ஷும் போதும், பெட்ரோல் ஊற்றினால் ரிங் கெடும்.

இறக்குவது

முதலில் சைடு ஸ்டாண்டு விரிந்திருக்கிறதா, அதன் பலகை இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டைகளை எடுத்து, ஸ்பேனர், துணி, டப்பா எல்லாவற்றையும் அடியிலிருந்து அகற்றுங்கள். ஒருவர் இடப்பக்கம் நின்று ஹேண்டிலைப் பிடித்த பிறகே பெல்ட்டைத் தளர்த்த வேண்டும். அரை அரைச் சுற்றாக இறக்குங்கள். ஜாக்கி வெளியே வந்ததும், தளர்த்திய ஆக்ஸில் நட்டை மேனுவலில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். டிஸ்க் பிரேக் வண்டியில் சக்கரமோ காலிப்பரோ கழற்றியிருந்தால், கிளம்பும் முன் பிரேக்கை கெட்டியாகும் வரை பத்துப் பதினைந்து முறை அழுத்துங்கள். பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டிருக்கும், முதல் அழுத்தத்தில் பிரேக் பிடிக்காது. வீட்டு வாசலிலேயே இறக்கம் தொடங்கும் ஊரில் அது விளையாட்டல்ல.

ஜாக்கியை முழுக்க இறக்கிய நிலையில் பழைய சாக்கில் சுற்றி, தரையில் படாமல் பலகை மேல் வையுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், மூடுபனி ஈரம் உள்ளே சிக்கித் துரு பிடிக்கும். காந்தல், தலைகுந்தா போல உறைபனி விழும் இடங்களில் டிசம்பர், ஜனவரி காலையில் கிரீஸ் கெட்டியாகித் திருகு இறுக்கமாகச் சுழலலாம். வெயில் ஏறும் வரை விட்டுவிடுங்கள். நண்பகலிலும் அப்படியே இறுகியிருந்தால் அது குளிரல்ல, துரு. பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவிப் புதிதாகத் தடவ வேண்டும்.