டிபக்கரை மூடுவதற்கு முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓணத்துக்கு 2 நாள் இருக்கும்போது, தோவாளைப் பூச்சந்தை மொத்தக்கடை ஒன்றில் பில் புரோகிராம் விடிகாலையில் அசையாமல் நின்றுவிட்டது. எழுதியவன் நான்தான். நாகர்கோவிலில் வீட்டிலிருந்தபடியே அந்தக் கம்ப்யூட்டருக்குள் போய், ஓடும் புரோகிராமை நிறுத்தி உள்ளே பார்க்க நானே எழுதிய டிபக்கரை பில் புரோகிராமோடு இணைத்துப் பார்த்தேன். பிரின்டரின் பதிலுக்காகக் காத்துக் கிடந்தது, அவ்வளவுதான். பிரின்டரை ஆஃப் செய்து போட்டால் தானே எழுந்திருக்கும். சரி என்று டிபக்கரை மூடினேன். பில் புரோகிராமும் கூடவே போய்விட்டது, சேமிக்காத பில்களோடு.

"கணக்கு எங்கடே போச்சு?" என்றார் அண்ணாச்சி.

விண்டோஸின் வழக்கமே அதுதான். டிபக் செய்யும் த்ரெட் (டிபக்கருக்குள் தனியாக ஓடும் வேலை இழை) முடிந்தால், அதோடு இணைந்த புரோகிராமையும் முடித்துவிடும். அதைத் தடுக்க, எக்ஸ்பி காலத்திலிருந்தே 'டிபக்செட்பிராசஸ்கில்ஆன்எக்சிட்' என்ற ஃபங்ஷன் இருக்கிறது. ஃபால்ஸ் கொடுத்து அழைத்தால் போதும்.

என் கோடிலும் அந்த வரி இருந்தது! ஆனால் புரோகிராம் ஆரம்பிக்கும் மெயின் ஃபங்ஷனின் தொடக்கத்தில், எதனோடும் இணைவதற்கு முன்பே. அந்த த்ரெட்டுக்கு ஒரு டிபக் இணைப்பாவது இருந்தால்தான் அது எடுபடும். அழைப்பு தோற்றிருக்கிறது, நான் திரும்பி வந்த மதிப்பைப் பார்க்கவே இல்லை. ஜன்னலில் உள்ள பட்டனுக்கு ஒரு த்ரெட், டிபக் வேலைக்கு வேறு த்ரெட் என்று எழுதுபவர்களும் இங்கேதான் வழுக்குவார்கள். இணைத்த த்ரெட்டேதான் அழைக்க வேண்டும். ஒரே த்ரெட்டில் இரண்டு புரோகிராம்களை இணைத்துக்கொண்டு, ஒன்று சாகட்டும் மற்றது பிழைக்கட்டும் என்றும் கேட்க முடியாது, எல்லாவற்றுக்கும் ஒரே விதிதான்.

அடுத்தது இதைவிட மோசம், ஏனென்றால் உடனே தெரியாது. பிரேக்பாயின்ட், அதாவது புரோகிராம் வந்து நிற்க வேண்டிய இடம், வைக்கும்போது, இன்டெல் வகை பிராசசர்களில் டிபக்கர் அந்த இடத்துப் பைட்டை எடுத்துவிட்டு 'சிசி' என்ற ஹெக்ஸ் பைட்டை வைக்கிறது. பழைய பைட்டைத் திருப்பி வைக்காமல் விலகினால், புரோகிராம் நன்றாக ஓடும். என்றைக்கோ அந்த இடத்தை மிதிக்கும்போது, பிடிக்க ஆளில்லாமல் விழும். பைட்டைத் திருப்பி வை, கையில் நிற்கும் ஈவென்டை (விண்டோஸ் டிபக்கருக்குத் தந்த தகவலை) 'கன்டின்யூடிபக்ஈவென்ட்' மூலம் அனுப்பு, அப்புறம் இணைப்பை விட 'டிபக்ஆக்டிவ்பிராசஸ்ஸ்டாப்' அழை. இந்த வரிசை மாறக் கூடாது.

லினக்ஸிலிருந்து வருபவர்களுக்கு இதெல்லாம் விசித்திரமாக இருக்கும். அங்கே பிட்ரேஸ் என்ற டிபக் வசதியால் இணைத்த டிபக்கர் செத்தாலும், இணைக்கப்பட்ட புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும். சேர்ந்தே சாக வேண்டுமென்றால்தான் 3.8 கெர்னலில் வந்த 'எக்சிட்கில்' ஆப்ஷனைக் கேட்டு வாங்க வேண்டும்.

சொந்த டிபக்கர் எழுதாமல் மைக்ரோசாஃப்டின் வின்டிபக் டிபக்கரை வைத்திருப்பவர்கள் 'க்யூ' அடித்து வெளியே வராதீர்கள், அதுவும் கொல்லும். 'க்யூடி' அடியுங்கள், இணைப்பை மட்டும் விட்டு வெளியே வரும்.