பாலைவன வெயிலில் கான்கிரீட் நடைபாதையும் கெர்ப்பும் போடுவது எப்படி? முதல்முறை செய்பவர்களுக்கு

கான்கிரீட் காய்ந்துதான் இறுகுகிறது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். உண்மையில் சிமெண்ட் தண்ணீரோடு வேதிவினை புரிந்துதான் இறுகுகிறது. தண்ணீர் போய்விட்டால் வினை பாதியில் நின்றுவிடும். வறண்ட காற்றும் சுடும் தரையும் உள்ள இடத்தில் கலவையிலிருந்து தண்ணீரைத் திருட நாலாபக்கமும் ஆள் இருக்கிறது: மேலே காற்று, கீழே மண், பக்கத்தில் பலகை, உள்ளே சூடான ஜல்லி. கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் அந்தத் தண்ணீரைக் காப்பாற்றுவதற்காகத்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால், நான் சொல்லாத ஒரு சிக்கல் வந்தாலும் என்ன செய்வது என்று உங்களுக்கே தெரியும்.

கடைகள், அலுவலகங்கள், வாகன நிறுத்தங்களின் முன்னால் வரும் நடைபாதையையும், சாலை விளிம்பில் எழும்பி நிற்கும் கெர்ப்பையும் பற்றித்தான் பேசப்போகிறேன். வீட்டு வாசலுக்குப் போடும் தளத்தைவிட இதில் ஆள் நடமாட்டம் அதிகம், சக்கர நாற்காலிகள் போகும், சில இடங்களில் சரக்கு லாரியே ஏறும்.

முதலில் நேரத்தை முடிவு செய்யுங்கள்

கான்கிரீட் மேற்பரப்பிலிருந்து ஒரு மணி நேரத்தில் சதுர மீட்டருக்கு 1 கிலோ தண்ணீருக்கு மேல் ஆவியானால், இறுகும் முன்பே வெடிப்பு விடும் ஆபத்து உண்டு. இது துறையில் பரவலாகப் பின்பற்றும் எல்லை. ஆவியாகும் வேகத்தை நான்கு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: காற்றின் வெப்பம், ஈரப்பதம், காற்று வீசும் வேகம், கான்கிரீட்டின் வெப்பம்.

ஒரு கணக்கு பாருங்கள். நண்பகலில் காற்று 40 டிகிரி, ஈரப்பதம் 10 சதவீதம், காற்றின் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர், கான்கிரீட் 32 டிகிரி என்றால், ஆவியாவது சுமார் 1.8 கிலோ. அதே இடத்தில் விடிவதற்கு முன் காற்று 27 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம், காற்றின் வேகம் 5 கிலோமீட்டர், கான்கிரீட் 28 டிகிரி என்றால் அரை கிலோவுக்கும் குறைவு. ஆள், பலகை, கலவை எல்லாம் ஒன்றேதான். நேரம் மாறியதும் ஆபத்து நான்கில் ஒரு பங்காகிவிட்டது.

அதனால் லாரி விடிவதற்கு முன் வந்து நிற்கும்படி திட்டமிடுங்கள். இரவில் போடுவது இன்னும் நல்லது, நல்ல விளக்கு வசதி இருந்தால். வெயிலைவிடக் காற்றுக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். வெயிலுக்கு நிழல் கட்டலாம். மணலை அள்ளிக்கொண்டு வரும் காற்று புதுத்தளத்தில் படிந்தால் மேல்தோலே கெட்டுவிடும். காற்று வரும் பக்கம் துணியோ பலகையோ நட்டு மறைப்புக் கட்டுவதற்கு அரை மணி நேரம் போதும்.

நூல் கட்டுவதும் சரிவும்

கெர்ப்பை முதலில் போட்டுவிட்டு நடைபாதையைப் பிறகு போடுவது வசதி. கெர்ப்பின் மேல்விளிம்பே நடைபாதைக்கு மட்டமாக உதவும்.

பாலைவனத்தில் மழையே இல்லை என்று சரிவை அலட்சியம் செய்யாதீர்கள். வருடத்தில் சில நாள்தான் பெய்யும், ஆனால் பெய்தால் கொட்டும். இறுகிய வறண்ட தரை அதை உறிஞ்சாது. மொத்தமும் சாலைக்கும் கடை வாசலுக்கும் ஓடும். கெர்ப்போடு சேர்ந்த ஓடைக்கு நீளவாக்கில் குறைந்தது 0.5 சதவீதச் சரிவு வேண்டும். நடைபாதை குறுக்குவாக்கில் சாலைப் பக்கம் சரிய வேண்டும், ஆனால் 2 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. போனால் சக்கர நாற்காலி ஒரு பக்கமாக இழுக்கும். நான் 1.5 சதவீதத்துக்கே நூல் கட்டுவேன். 1.5 மீட்டர் அகலத்துக்கு அது சுமார் 22 மில்லிமீட்டர். கை தவறிக் கொஞ்சம் கூடினாலும் எல்லைக்குள் நிற்கும்.

தெருமுனைச் சாய்தளத்துக்கு 12-க்கு 1 என்பதே அதிகபட்சச் சரிவு. கெர்ப் உயரம் 150 மில்லிமீட்டர் என்றால் சாய்தளம் குறைந்தது 1.8 மீட்டர் நீளம் வேண்டும். இடம் போதவில்லை என்று செங்குத்தாக்கிவிடாதீர்கள். கைகளால் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு ஏறுபவருக்கு அந்த வித்தியாசம் தோளில் தெரியும்.

மண்: இங்கே அவசரப்படாதீர்கள்

பெரும்பாலான தோல்விகள் மண்ணில்தான் தொடங்குகின்றன. காய்ந்த மண்ணின் மேல் உருளையை எத்தனை முறை ஓட்டினாலும் அது உறுதிப்படாது, மேலே தூசி பறப்பதுதான் மிச்சம். மண் துகள்கள் ஒன்றோடொன்று நெருங்கி உட்கார அளவான ஈரம் வேண்டும். முந்தின நாளே தண்ணீர் ஊற்றி ஊறவிடுங்கள். கையில் எடுத்துப் பிசைந்தால் உருண்டையாக நிற்க வேண்டும், உடைத்தால் இரண்டு மூன்று துண்டாக உடைய வேண்டும். விரலில் சேறு ஒட்டினால் ஈரம் கூடிவிட்டது. பொடியாக உதிர்ந்தால் போதவில்லை. அப்புறம் உருளையோ தட்டு அதிர்வு இயந்திரமோ கொண்டு 150 மில்லிமீட்டர் அடுக்கடுக்காக இறுக்குங்கள். வணிக வேலைகளில் பொதுவாக ஆய்வகத்தில் கிடைத்த அதிகபட்ச அடர்த்தியில் 95 சதவீதம் கேட்பார்கள்.

பாலைவன மண்ணுக்கு இன்னும் சில குணங்கள் உண்டு. சுண்ணாம்பு சேர்ந்து கல்போல் இறுகிய அடுக்கு இருக்கும். அதைச் சமமாக வெட்டாமல் விட்டால் ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் மண் என்று தளம் அந்த எல்லையிலேயே வெடிக்கும். சில மண் காய்ந்திருக்கும்போது உறுதியாக நிற்கும், முதல் வெள்ளம் உள்ளே இறங்கியதும் பொதபொதவென அமுங்கும். இன்னொன்று உப்பு, ஜிப்சம். மண்ணில் சல்ஃபேட் இருந்தால் அது கான்கிரீட்டை உள்ளிருந்து உப்பவைத்து உதிர்த்துவிடும். மண் பரிசோதனை செய்து, சல்ஃபேட் இருந்தால் அதைத் தாங்கும் சிமெண்டைக் கேட்டு வாங்குங்கள். உவர்நீர் ஊற்றி மண்ணை நனைப்பதையும் தவிருங்கள்.

மண்ணின் மேல் 100 மில்லிமீட்டர் உடைகல் படுக்கை போட்டு அதையும் இறுக்குங்கள்.

பலகை கட்டுதல்

நேரான மரச் சட்டமோ இரும்புச் சட்டமோ போதும். முளைகளை 60 முதல் 90 சென்டிமீட்டருக்கு ஒன்றாக அடியுங்கள், வளைவில் இன்னும் நெருக்கமாக. வளைவுக்கு மெல்லிய பிளைவுட் நன்றாக வளையும். உள்பக்கம் எண்ணெய் தடவுங்கள். சாதாரண நடைபாதைக்கு 100 மில்லிமீட்டர் கனம். வாகனம் குறுக்கே போகும் இடத்தில் 150 மில்லிமீட்டரும் கம்பி வலையும் வேண்டும், கனரக லாரி என்றால் அதற்கும் மேலே. வரைபடத்தில் அந்த இடங்களை முன்பே வட்டம் போட்டு வையுங்கள்.

சுவர், விளக்குக் கம்பம், மேன்ஹோல், கெர்ப் என்று அசையாத பொருள் எதைத் தொட்டாலும் நடுவில் 12 மில்லிமீட்டர் விரிவுப் பட்டை முழு ஆழத்துக்கும் வைக்க வேண்டும். 30 மீட்டர் கான்கிரீட் 30 டிகிரி சூடேறினால் சுமார் 9 மில்லிமீட்டர் நீள முயலும். இரவு பகல் வெப்பம் பெரிதாக மாறும் இடத்தில் அது தள்ளும் தள்ளலை எந்தச் சுவரும் சும்மா தாங்காது.

கலவை ஆர்டர்

ரெடிமிக்ஸ் நிலையத்திடம் (கலவையைத் தயாராகக் கலந்து லாரியில் அனுப்பும் இடம்) தெளிவாகச் சொல்லுங்கள்: 30 மெகாபாஸ்கல் வலிமை, தண்ணீர் சிமெண்ட் விகிதம் 0.45 அளவில், வந்து சேரும்போது கான்கிரீட் வெப்பம் 35 டிகிரிக்கு மேல் போகக் கூடாது, இறுகுவதைத் தாமதப்படுத்தும் மருந்து சேர்க்க வேண்டும். கையால் போடும் நடைபாதைக்கு ஸ்லம்ப், அதாவது கூம்பு அச்சைத் தூக்கியதும் கலவை எவ்வளவு அமர்கிறது என்று பார்க்கும் இளக்க அளவு, 75 முதல் 100 மில்லிமீட்டர். நீளமான கெர்ப்பை இயந்திரம் வைத்து இழுத்தால் 40-க்குள் இருக்க வேண்டும், இல்லையென்றால் இயந்திரம் நகர்ந்ததும் சரிந்துவிடும்.

கான்கிரீட்டை 1 டிகிரி குளிர்விக்க, ஜல்லி மணலைச் சுமார் 2 டிகிரி குளிர்விக்க வேண்டும், அல்லது தண்ணீரைச் சுமார் 4 டிகிரி. ஜல்லிக் குவியலுக்கு நிழல் கொடுத்துத் தண்ணீர் தெளித்தாலே நல்ல பலன் கிடைக்கும். அதற்கும் போதவில்லை என்றால் தண்ணீரில் ஒரு பகுதிக்குப் பதில் உடைத்த பனிக்கட்டி. கொட்டுவதற்கு முன் அது முழுவதும் உருகியிருக்க வேண்டும்.

அளவு: 30 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் கனத்துக்கு 4.5 கன மீட்டர். சேதாரத்துக்கு 5 முதல் 10 சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள். முதல்முறை என்றால் ஒரு நாளில் ஒரு லாரிக்கு மேல் வேண்டாம்.

இதை அனுபவத்தில் கற்றேன். ஒரு வணிக வளாகத்தின் முகப்பில் இரண்டாவது லாரி ஒன்றரை மணி நேரம் தாமதமாகி வந்தது. அதற்குள் வெயில் ஏறிவிட்டது, காற்றும் எழும்பிவிட்டது. வேலையை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. மதியத்துக்குள் அந்தப் பகுதி முழுவதும் சிலந்திவலை மாதிரி வெடிப்பு. உடைத்து எடுத்து மறுபடி போட்டோம். அன்றிலிருந்து குறுக்கே அடைக்கும் தடுப்புப் பலகை ஒன்றை எப்போதும் தயாராக வைத்திருப்பேன். லாரி வரவில்லையா, திட்டமிட்ட இணைப்புக் கோட்டிலேயே அடைத்துவிட்டு அன்றைய வேலையை முடித்துவிடலாம்.

கொட்டும் நேரம்

லாரி வருவதற்குச் சற்றுமுன் படுக்கையையும் பலகையையும் நனையுங்கள். ஈரமாக இருக்க வேண்டும், தேங்கி நிற்கக் கூடாது. முதல் தள்ளுவண்டிக் கலவையிலேயே வெப்பமானியைச் செருகிப் பாருங்கள். 35 டிகிரியைத் தாண்டினால் திருப்பி அனுப்புங்கள்.

ஓட்டுநர் "கெட்டியாயிருக்கு, தண்ணி விடட்டுமா?" என்று கேட்பார். இதற்குப் பதில் எப்போதும் வேண்டாம் என்பதுதான். கன மீட்டருக்கு 5 லிட்டர் தண்ணீர் கூடினாலே ஸ்லம்ப் சுமார் 25 மில்லிமீட்டர் ஏறும், வலிமை 1 மெகாபாஸ்கலுக்கு மேல் இறங்கும். இளக வேண்டுமென்றால் அதற்கான ரசாயனத்தை நிலையத்திலேயே சேர்த்து அனுப்பச் சொல்லலாம்.

தூரத்தில் கொட்டி இழுக்காமல் வேண்டிய இடத்திலேயே கொட்டுங்கள். கெர்ப்பின் முகப்பில் தேன்கூடு போல ஓட்டைகள் விழாமலிருக்க வைப்ரேட்டரை (அதிர்வுக் கருவி) அளவாக, சில நொடிகள் மட்டும் இறக்கி எடுங்கள். அலுமினியச் சட்டத்தால் இரண்டு பேர் அறுத்து இழுத்து மட்டம் செய்யுங்கள். உடனே நீண்ட கைப்பிடியுள்ள ஃப்ளோட்டை (தட்டையான தேய்ப்புப் பலகை) ஒரு முறை தள்ளி இழுத்தால் ஜல்லி கீழே அமரும்.

தேய்ப்பதில் பொறுமை

இப்போது மேலே கசியும் நீர் மறையும்வரை காத்திருக்க வேண்டும். கசிநீர் இருக்கும்போதே தேய்த்தால் மேல்தோல் பலவீனமாகிப் பின்னால் உரியும். பாலைவனத்தில் இங்கே ஒரு ஏமாற்று உண்டு. வறண்ட காற்று மேற்பரப்பை உடனே உலர்த்திவிடும். பார்த்தால் தயார் மாதிரி தெரியும், ஆனால் அடியில் இன்னும் கூழாகவே இருக்கும். கால் வைத்துப் பாருங்கள். தடம் 5 மில்லிமீட்டர் ஆழத்துக்கு விழுந்தால் மணியாசுக்கட்டையை (மேற்பரப்பைத் தேய்க்கும் கைக்கட்டை) எடுக்கலாம். அதைவிட ஆழமாகப் போனால் பொறுங்கள்.

காத்திருக்கும் நேரத்தில் மேற்பரப்பு உலராமலிருக்க ஆவியாதலைக் குறைக்கும் மெல்லிய படல மருந்தைத் தெளிக்கலாம், அல்லது மேலே காற்றில் மூடுபனி போலத் தண்ணீர் தூவலாம். தேய்க்க வழுக்கலாக இருக்கட்டும் என்று தளத்தின் மேலேயே தண்ணீர் தெளித்துத் தேய்ப்பது மட்டும் கூடவே கூடாது. அந்தச் சாந்து ஒரு வருடத்தில் தூசியாகப் போகும்.

விளிம்புகளை வட்டக் கரண்டியால் உருட்டிவிடுங்கள். கடைசியாக நடக்கும் திசைக்குக் குறுக்காகத் துடைப்பம் இழுத்தால் வழுக்காது. நடைபாதையில் பளபளப்பு வேண்டாம். கெர்ப்பின் முன்பலகையை, விரல் தடம் பதியாத நிலை வந்ததும் கழற்றி முகப்பைத் தேய்த்துக்கொள்ளலாம்.

வெடிப்புக்கு வழி காட்டுங்கள்

கான்கிரீட் சுருங்கத்தான் செய்யும். வெடிப்பு எங்கே வர வேண்டும் என்பதை நாம் முடிவு செய்துகொள்ளலாம், அவ்வளவுதான். 1.5 மீட்டர் அகல நடைபாதையில் 1.5 மீட்டருக்கு ஒரு கோடு, ஆழம் கனத்தில் கால் பங்கு, அதாவது 25 மில்லிமீட்டர். கட்டங்கள் சதுரமாக இருந்தால் நல்லது. கெர்ப்பில் 3 மீட்டருக்கு ஒன்று, நடைபாதைக் கோட்டோடு நேராகச் சேரும்படி. இரண்டும் ஒட்டி நிற்கும் இடத்தில் கோடுகள் தள்ளி இருந்தால் ஒன்றின் வெடிப்பு அடுத்ததற்குள் தானாக நுழைந்துவிடும்.

புதியவர்களுக்கு ஈரத்திலேயே கைக்கருவியால் கோடு போடுவதுதான் பாதுகாப்பு. ரம்பம் வைத்து அறுப்பதென்றால் மறுநாள் வரை விடாதீர்கள். சூட்டில் சில மணி நேரத்திலேயே அறுக்க வேண்டும், ஓரம் உதிராத நிலை வந்த உடனே. தண்ணீர் விட்டு அறுங்கள், சரியான முகக்கவசம் போடுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு நல்லதல்ல.

ஏழு நாள் ஈரம்

துடைப்பம் இழுத்து முடித்ததும், மேற்பரப்பின் ஈரப்பளபளப்பு போன உடனேயே வெள்ளை நிற கியூரிங் மருந்தை, அதாவது தண்ணீர் வெளியேறாமல் மேலே படலமாக மூடும் மருந்தை, தெளியுங்கள். வெள்ளை, வெயிலைத் திருப்பி அனுப்பும்; விட்டுப்போன இடமும் கண்ணில் படும். லிட்டருக்கு 5 சதுர மீட்டர் அளவில், முதல் கை நீளவாக்கில், இரண்டாம் கை குறுக்குவாக்கில். கெர்ப்பின் முகத்தையும் முதுகையும் பலர் மறந்துவிடுவார்கள்.

முடிந்தால் நான் ஈரச்சாக்கையே தேர்ந்தெடுப்பேன். சாக்கு விரித்து, மேலே பிளாஸ்டிக் தாள் மூடி, 7 நாள் நனைத்தபடியே வைக்க வேண்டும். காலையில் நனைத்து மதியம் காயவிட்டு மாலையில் மறுபடி நனைப்பது கியூரிங் ஆகாது, மேல்தோல் சுருங்கி விரிந்து மெல்லிய வெடிப்புகள்தான் வரும். குளிர்ந்த தண்ணீரைச் சுடும் கான்கிரீட்டில் ஊற்றவும் கூடாது. இரண்டுக்கும் வித்தியாசம் 11 டிகிரிக்குள் இருக்கட்டும்.

வேலையாட்களுக்கும் தண்ணீர், நிழல், இடைவேளை வேண்டும். கூட வேலை செய்பவருக்குத் தலைசுற்றுகிறது என்றால் கலவை இறுகினாலும் பரவாயில்லை, முதலில் அவரை நிழலுக்குக் கொண்டுபோங்கள். ஈரச் சிமெண்ட் தோலை எரிக்கும், கையுறையும் ரப்பர் பூட்ஸும் கட்டாயம்.

மறுநாள் முதல்

பக்கப் பலகைகளை மறுநாள் கழற்றலாம். கழற்றிய பக்கத்துக்கும் மருந்து அடியுங்கள் அல்லது சாக்கு போடுங்கள். 24 மணி நேரத்துக்குப் பிறகு ஆள் நடக்கலாம், வண்டிக்கு 7 நாள். கெர்ப்பின் பின்னால் மண் நிரப்புவதையும் அதுவரை தள்ளிப்போடுங்கள். நிரப்பும்போது அடுக்கடுக்காக இறுக்குங்கள், ஒரேயடியாகத் தள்ளினால் கெர்ப் சாலைப் பக்கம் சாயும்.

விரிவு இணைப்புகளில் அடைப்புப் பசை போட வெயில் தணிந்த மிதமான நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். குளிர்ந்த விடியலில் இணைப்பு அகன்றிருக்கும், அப்போது நிரப்பினால் மதியம் பிதுங்கும். உச்சிவெயிலில் நிரப்பினால் இரவில் இழுபட்டுப் பிரியும்.

சாக்கை எடுத்த அன்று ஒரு வாளித் தண்ணீரை ஓடையின் மேல்முனையில் ஊற்றி, அது போகும் வழியோடு நீங்களும் நடங்கள். எங்காவது தேங்கினால் சாக்பீஸால் வட்டம் போட்டு வையுங்கள். அந்த இடத்தை இப்போதே அறுத்து எடுத்து மறுபடி போடுவது, கடை திறந்தபின் செய்வதைவிட எவ்வளவோ சுலபம்.