வசனத்துக்குப் பொருள் காண்பது எப்படி: யார் சொன்னது, யாருக்குச் சொன்னது

"உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்" (யோபு 8:7). வாக்குத்தத்த வசனமாகப் பலர் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் வரி இது. ஆனால் இதைப் பேசுகிறவர் தேவன் அல்ல, யோபுவின் நண்பர்களில் ஒருவரான சூகியனான பில்தாத். பிள்ளைகளைப் பறிகொடுத்து நிற்கும் யோபுவிடம், அவர்கள் செய்த பாவத்துக்கு ஆக்கினை வந்திருக்கலாம் என்று மூன்று வசனத்துக்கு முன்புதான் குத்திக்காட்டியிருக்கிறார் (8:4). புத்தகத்தின் முடிவில் தேவன் இந்த நண்பர்கள்மேல் கோபங்கொண்டு, நீங்கள் நிதானமாய்ப் பேசவில்லை என்கிறார் (42:7). யோபுவின் முடிவு ஆசீர்வதிக்கப்பட்டது உண்மைதான் (42:12). அதனால் மட்டும் பில்தாதின் சொல் எல்லோருக்கும் தேவன் கொடுத்த வாக்குறுதி ஆகிவிடாது.

எந்த வசனத்தைத் திறந்தாலும் முதலில் கேட்க வேண்டியது: பேசுகிறவர் யார், கேட்கிறவர் யார், எதற்காக இந்தப் பேச்சு? வேத வியாக்கியானத்தில், அதாவது வேதத்துக்குப் பொருள் சொல்வதில், நடக்கும் தவறுகளில் பெரும்பகுதி இந்த மூன்றையும் கேட்காததால் வருகிறது.

முழுதாகப் படித்துவிட்டு உள்ளே போகவும்

சிறிய நிருபமானால் (கடிதமானால்) ஒரே அமர்வில் முழுவதையும் வாசியுங்கள். பிலிப்பியரில் 4 அதிகாரம், 104 வசனம். வாய்விட்டு வாசித்தாலும் இருபது நிமிடத்துக்குள் முடியும். அப்படி வாசித்தவருக்கு, "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" (4:13) என்ற வரி வேறு மாதிரிக் கேட்கும். எழுதுகிற பவுல் சிறையில் கட்டுண்டவர் (1:13). முந்தின வசனத்தில், தாழ்ந்திருக்கவும் தெரியும், வாழ்ந்திருக்கவும் தெரியும் என்று பட்டினியைப் பற்றிப் பேசுகிறார். ஆக "எல்லாவற்றையும்" என்பதில் பசியும் குறைவும் அடங்கும். போட்டியிலும் தேர்விலும் வெற்றி நிச்சயம் என்று அவர் சொல்லவில்லை.

அதிகார எண்களையும் வசன எண்களையும் நம்பிப் பகுதியை வெட்டாதீர்கள். அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டில் வந்தது. புதிய ஏற்பாட்டின் இன்றைய வசன எண்கள் 1551இல் ஒரு அச்சுப் பதிப்பில் வந்தவை. பாடுபடும் தாசனைப் பற்றிய பாடல் ஏசாயா 53:1இல் தொடங்குவதில்லை, 52:13இல் தொடங்குகிறது. 53ஐ மட்டும் படிப்பவர், "அவர் உயர்த்தப்படுவார்" என்ற தொடக்கத்தைத் தவறவிடுகிறார்.

பிறகு பென்சில் எடுத்து இணைப்புச் சொற்களை வட்டமிடுங்கள்: ஆகையால், ஏனெனில், ஆனாலும். பிலிப்பியர் 2:12 இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படச் சொல்கிறது. அங்கே நிறுத்தினால் பாரம் முழுவதும் நம் தலையில். அடுத்த வசனம் "ஏனெனில்" என்று தொடங்கி, விருப்பத்தையும் செய்கையையும் உண்டாக்குகிறவர் தேவனே என்கிறது. அந்த ஒரு சொல்லில்தான் வாதம் நிற்கிறது.

இரண்டு வாக்கியம் எழுதும் பயிற்சி

முதல் வாக்கியம்: முதலில் கேட்டவர்களுக்கு இது என்ன சொன்னது? இரண்டாவது: இன்று நமக்கு என்ன சொல்கிறது? முதலாவதை எழுதாமல் இரண்டாவதுக்குத் தாவக்கூடாது.

எரேமியா 29:11ஐ வைத்துச் செய்து பாருங்கள். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம் அது. வீடுகட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்கிறது (29:5-7). மீட்பு எழுபது வருஷம் கழித்து என்கிறது (29:10). கேட்டவர்களில் அநேகர் அந்நிய மண்ணிலேயே கண்மூடியிருப்பார்கள். ஆகவே முதல் வாக்கியம்: "தேவன் தம் ஜனத்தைக் கைவிடவில்லை, ஆனால் மீட்பு தாமதமாக வரும்." இதிலிருந்து இரண்டாவது வாக்கியம் பொறுமையைப் பற்றி வரலாம். அடுத்த மாதம் வேலை கிடைக்கும் என்று வர முடியாது.

எழுத்தின் வகை

வரலாற்றுப் பகுதி நடந்ததைச் சொல்கிறது, எல்லாவற்றையும் செய்யச் சொல்வதில்லை. கிதியோன் மயிருள்ள தோலைப் போட்டு அடையாளம் கேட்டான் (நியாயாதிபதிகள் 6:36-40). தேவசித்தம் அறிய இதை வழிமுறையாக்குகிறவர்கள், தேவன் அவனுக்கு ஏற்கெனவே தெளிவாகச் சொல்லிவிட்டதை (6:14-16) கவனிப்பதில்லை.

நீதிமொழிகள் பொதுவாக உலகம் எப்படி நடக்கிறது என்பதைச் சொல்பவை. மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி மறுஉத்தரவு கொடாதே என்கிறது 26:4. கொடு என்கிறது 26:5. இடம் பார்த்துப் பயன்படுத்தத்தான் இரண்டையும் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள்.

உவமைக்கு முன்னால் இருக்கும் கேள்விதான் அதன் திறவுகோல். நல்ல சமாரியன் கதையில் சத்திரம் சபை, சத்திரக்காரன் பவுல் என்று பழைய சபைப் போதகரான அகஸ்டின் பொருள் சொன்னார். கதை எழுந்ததோ "எனக்குப் பிறன் யார்" என்ற கேள்வியில் (லூக்கா 10:29). அதற்குப் பதில் கிடைத்த பிறகு இரண்டு பணத்துக்கும் எண்ணெய்க்கும் தனிப்பொருள் தேட வேண்டியதில்லை.

நியாயப்பிரமாணம், அதாவது பழைய ஏற்பாட்டுக் கட்டளைகள், இவற்றைவிடக் கடினம். லேவியராகமம் 19:18 பிறனில் அன்புகூரச் சொல்கிறது. 19:19 இருவகை நூல் கலந்த ஆடையை விலக்குகிறது. பிடித்ததை வைத்துப் பிடிக்காததைத் தள்ளுவது நேர்மையல்ல. புதிய ஏற்பாடு அந்தந்தக் கட்டளையை என்ன செய்கிறது என்று பாருங்கள்: பிறனில் அன்புகூர்வதை இயேசுவே இரண்டாம் பெரிய கற்பனை என்கிறார் (மாற்கு 12:31), ஆடையைப் பற்றியது அங்கே எங்கும் திரும்பச் சொல்லப்படவில்லை.

சொல்லும் எண்ணும்

ஒரே சொல்லுக்கு எங்கும் ஒரே பொருள் என்று கொள்ளாதீர்கள். தேவன் அன்புகூர்ந்த "உலகம்" (யோவான் 3:16) மனிதர்கள். அன்புகூராதிருங்கள் என்ற "உலகம்" (1 யோவான் 2:15) தேவனுக்கு எதிரான இச்சையும் பெருமையும். கன்கார்டன்ஸ் (ஒரு சொல் வேதத்தில் வரும் இடங்களின் பட்டியல்) பார்க்கும்போது அதே புத்தகத்தில் அந்தச் சொல் வரும் இடங்களை முதலில் பாருங்கள்.

ஒருமை பன்மையையும் கவனியுங்கள். சாத்தான் "உங்களை" புடைக்க உத்தரவு கேட்டான், நானோ "உன்" விசுவாசம் ஒழியாதபடி வேண்டிக்கொண்டேன் என்று இயேசு பேதுருவிடம் சொல்கிறார் (லூக்கா 22:31-32). ஆபத்து சீஷர் எல்லோருக்கும், ஜெபம் பேதுருவுக்காக. தமிழில் இது கண்ணுக்கு முன் தெரிகிறது. ஆனால் மரியாதைப் பன்மைக்குப் பழகிய காது, "நீங்கள் தேவனுடைய ஆலயம்" (1 கொரிந்தியர் 3:16) என்பதை ஒரே ஆளுக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ளும். அங்கே பேசப்படுவது சபை.

முரண்போலத் தெரியும்போது

விசுவாசத்தினால் நீதிமான் என்கிறது ரோமர் 3:28. விசுவாசத்தினாலே மாத்திரம் அல்ல என்கிறது யாக்கோபு 2:24. இரண்டு பேரும் ஆபிரகாமைக் காட்டுகிறார்கள். பவுல் ஊன்றி நிற்பது ஆதியாகமம் 15இல், அவன் நம்பிய வேளையில். யாக்கோபு காட்டுவது 22இல், ஈசாக்கைப் பீடத்தில் வைத்த வேளையில். ஒருவர் வேரைச் சொல்கிறார், மற்றவர் கனியை. இப்படி இரண்டு பகுதியையும் அதனதன் வாதத்தில் முழுதாக வாசித்த பிறகே இணைக்க வேண்டும்.

தெளிவான பகுதி தெளிவற்றதற்கு விளக்காக இருக்கட்டும். மரித்தவர்களுக்காக ஞானஸ்நானம் பெறுகிறவர்களைப் பற்றி 1 கொரிந்தியர் 15:29 ஒரே இடத்தில், விளக்கமில்லாமல் சொல்லிப் போகிறது. அதன்மேல் ஒரு உபதேசத்தைக் கட்டாதீர்கள். ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு, உயிர்த்தெழுதலைப் பற்றிப் பவுல் நடத்தும் வாதத்தோடு 30ஆம் வசனத்துக்குப் போகலாம்.