பிறந்ததிலிருந்து வெயில் நாட்கள் எவ்வளவு கூடின? நீங்களே கணக்கிடும் முறை

“அப்போதெல்லாம் இவ்வளவு வெயில் இல்லை” என்பது நினைவின் மயக்கமா, உண்மையா? தினசரி அதிகபட்ச வெப்பநிலைப் பதிவும் ஒரு எக்செல் தாளும் இருந்தால் ஒரே மாலையில் தெரிந்துவிடும்.

உலக நிலையங்களின் பதிவுகள் அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவாவின் (NOAA) ஜிஹெச்சிஎன்-டெய்லி (GHCN-Daily) தொகுப்பில் இலவசம். அன்றைய அதிகபட்ச வெப்பநிலையைத் தரும் ‘டிமேக்ஸ்’ (TMAX) வரிசையை எடுங்கள். மூலக் கோப்பில் 347 என்றிருந்தால் 34.7 டிகிரி செல்சியஸ். -9999 என்றால் பதிவே இல்லை.

எது வெயில் நாள்? பலரும் 32 டிகிரி என்று வைப்பார்கள். வெக்கையான ஊரில் பாதி வருடம் அதைத் தாண்டும், மலையூரில் ஒருநாள்கூடத் தேறாது. எனவே உங்கள் முதல் 30 ஆண்டுகளின் நாட்களை வரிசைப்படுத்தி, உச்சத்திலுள்ள 10 சதவீதம் தொடங்கும் அளவையே வரம்பாக்குங்கள். அந்தக் காலத்தில் ஆண்டுக்குச் சராசரி 36, 37 நாட்கள் வரும். பிறகு எவ்வளவு மாறியது என்பதே விடை. வரம்பைத் தாண்டிய நாட்களை எக்செலின் கவுண்ட்இஃப் (COUNTIF) சூத்திரம் எண்ணித் தரும்; ஆனால் விடுபட்ட நாளை அது சத்தமில்லாமல் ‘வெயிலற்ற நாள்’ கணக்கில் தள்ளிவிடும். கோடையில் ஐந்து நாளுக்கு மேல் விடுபட்டிருந்தால் அந்த ஆண்டையே விட்டுவிடுங்கள்.

எண்ணுவது சுலபம். நிலையத்தின் வெப்பமானி இடம் மாறியதைக் கண்டுபிடிப்பதில்தான் வேலை. உங்கள் நிலையத்தின் ஆண்டுச் சராசரியிலிருந்து பக்கத்து நிலையத்தின் ஆண்டுச் சராசரியைக் கழித்து வரைந்து பாருங்கள். கோடு ஏறக்குறைய மட்டமாக ஓடி, ஓர் ஆண்டில் படிக்கட்டுபோல் ஏறினால், இரண்டில் ஒன்று இடம் மாறியிருக்கும், இல்லையேல் கருவி மாறியிருக்கும்.

வாசிக்கும் நேரமும் ஏமாற்றும். உச்ச வெப்பமானி, கடைசியாக மீட்டமைத்ததிலிருந்து கண்ட உச்சத்தையே காட்டும். திங்கள் மாலை 5 மணிக்குக் கருவியை மீட்டமைக்கும்போது வெளியே 37 டிகிரி என்று வையுங்கள். செவ்வாயன்று மழை பெய்து 31-ஐத் தாண்டாவிட்டாலும் அடுத்த பதிவு 37 என்றே விழும். ஒரே வெயில், இரண்டு நாள் கணக்கு! வாசிப்பு காலைக்கு மாறிய ஆண்டில் வெயில் நாட்கள் பொய்யாகக் குறையும்.

அருகில் நிலையமே இல்லையா? பழைய பதிவுகளையும் கணினி வானிலை மாதிரியையும் இணைத்து உருவாக்கிய இரா5 (ERA5) தரவு 1940 முதல் கிடைக்கிறது. அதன் ஒரு கட்டம் சுமார் 31 கிலோமீட்டர் என்பதால் கடலோரத்திலும் மலையிலும் அப்படியே நம்ப வேண்டாம்.

பிறந்த ஆண்டைப் போன ஆண்டோடு ஒப்பிடாதீர்கள்; ஒரு எல் நினோ போதும், கணக்கு சாய்ந்துவிடும். முதல் பத்தாண்டுச் சராசரியைக் கடைசிப் பத்தாண்டோடு வையுங்கள். பிறகு அன்றைய குறைந்தபட்ச வெப்பநிலையைத் தரும் ‘டிமின்’ (TMIN) வரிசையிலும் இதையே செய்யுங்கள். இரவு வெக்கை பகலைவிட வேகமாக ஏறி, பக்கத்துக் கிராம நிலையத்தில் அப்படி ஏறவில்லையென்றால், நிலையத்தைச் சுற்றி எழுந்த கட்டடங்களைச் சந்தேகப்படுங்கள்.