பச்சோந்திக்கு முன்பே கூண்டு வரட்டும்

வேலியோரம் தலையை ஆட்டிக்கொண்டு நிற்கும் ஓணானைத்தான் ஊரில் பலர் பச்சோந்தி என்பார்கள். அது வேறு, இது வேறு. பச்சோந்தி இரண்டு கண்களையும் தனித்தனியே சுழற்றும், வாலைக் கிளையில் சுற்றிக்கொள்ளும், நாக்கை எறிந்து பூச்சியை இழுக்கும். இந்தியக் காடுகளில் இருக்கும் பச்சோந்தியைப் பிடித்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதனால் மரத்தில் பார்த்தால் மரத்திலேயே விட்டுவிடுங்கள். இந்தக் குறிப்பு, பண்ணையில் பிறந்த பச்சோந்தியை வளர்க்க அனுமதி உள்ள நாடுகளில் இருப்பவர்களுக்கு. நான் இருப்பது கனடாவில். உங்கள் நகர விதிகளை முதலில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நான் சொல்லப்போவது 'வெயில்ட் கமீலியன்' என்கிற இனத்தைப் பற்றி. முக்காடு போட்டது என்று பொருள். நம்முடைய வெயிலுக்கும் பெயருக்கும் சம்பந்தமில்லை. ஆனால் வெயில் இல்லாமல் இது பிழைக்காது. ஏமனிலும் அதை ஒட்டிய சவூதி மலைப்பகுதியிலும் வாழ்வது. அங்கே பகலில் வெயில், உலர்ந்த காற்று. இரவில் குளிர்ந்து ஈரம் ஏறும். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள எல்லாவற்றுக்கும் காரணம் தானாகப் புரியும்.

1. கூண்டு

வளர்ந்த ஒன்றுக்கு 60 செ.மீ. அகலம், 60 செ.மீ. ஆழம், 120 செ.மீ. உயரம் வேண்டும். இது தாராளம் அல்ல, குறைந்தபட்சம். நான்கு பக்கமும் வலை போட்ட அலுமினியக் கூண்டு வழக்கமான தேர்வு. மீன் தொட்டி வேண்டாம். ஈரமான காற்று உள்ளேயே தேங்கினால் நெஞ்சில் சளி கட்டும். ஒரு கடையில் எனக்கு 'எல்லாம் அடங்கிய செட்' என்று சின்னக் கண்ணாடிப் பெட்டியைத் தலையில் கட்டினார்கள். அந்தப் பெட்டியில் இப்போது கொத்தமல்லி வளர்க்கிறேன்.

கூண்டைத் தரையில் வைக்காதீர்கள். உறுதியான மேசை மேல் ஏற்றி, அது உட்காரும் கிளை உங்கள் கண்ணுக்கு மேலே வரும்படி செய்யுங்கள். மேலிருந்து குனிந்து பார்க்கிற எதுவும் அதற்குப் பருந்து மாதிரிதான்.

ஒரு கூண்டுக்கு ஒன்றுதான். துணைக்கு இன்னொன்று என்று நினைக்க வேண்டாம். அதற்குத் துணை பிடிக்காது. எதிரே முகம் பார்க்கும் கண்ணாடி மாட்டியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

2. கிளையும் செடியும்

பச்சோந்தியின் பாதம் இடுக்கி மாதிரி. பிடிக்கக் கிளை வேண்டும், அதுவும் பல தடிமன்களில்: சில விரல் அளவு, சில அதைவிட மெல்லியவை. குறுக்காக, வெவ்வேறு உயரங்களில், ஜிப் டை போட்டு வலைச் சட்டத்தோடு கட்டுங்கள். வலையில் மட்டும் கட்டினால் பாரம் தாங்காது.

செடிகள் உயிருள்ளவையாக இருக்கட்டும். மணி பிளான்ட், செம்பருத்தி, குடைபோல இலை விரிக்கும் ஷெஃப்லெரா மூன்றும் நன்றாக வரும். இந்த இனம் இலையைக் கடித்துத் தின்னும். அதனால்தான் பிளாஸ்டிக் இலை ஆபத்து. கடையிலிருந்து வந்த செடியை நன்றாகக் கழுவி, மேல்மண்ணை மாற்றிவிட்டு உள்ளே வையுங்கள். நடுப்பகுதி அடர்த்தியாக, ஒளிந்தால் உங்களுக்கே தெரியாத அளவுக்கு இருக்கட்டும். ஒளிய இடம் இருக்கிற பச்சோந்திதான் தைரியமாக வெளியே வரும்.

தரையில் மரத்தூளோ கூழாங்கல்லோ வேண்டாம். பூச்சியோடு சேர்த்து விழுங்கிவிட்டால் குடல் அடைத்துக்கொள்ளும். வெறும் தட்டு போதும்.

3. வெளிச்சம்

புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். இரண்டு விளக்குகள் வேண்டும், இரண்டுக்கும் வேலை வேறு.

ஒன்று சூட்டுக்கு. எரிந்தால் சுடும் சாதாரண வெள்ளை இழை பல்ப் போதும், எல்இடி அல்ல. வளர்ந்த ஆணுக்கு வெயில் காயும் கிளையில் 29 முதல் 30 டிகிரி செல்சியஸ். குட்டிக்கும் பெண்ணுக்கும் 27 பக்கம். கூண்டின் கீழ்ப்பகுதி 22, 23 என்று இருந்தால் அது வேண்டியபோது இறங்கிக் குளிர்ந்துகொள்ளும். சூட்டைக் கிளையில் அளக்காமல், அது உட்கார்ந்தால் முதுகு வருகிற உயரத்தில் அளந்து பாருங்கள். பல்புக்கு மிகப் பக்கத்தில் இருப்பது அதன் தலைக்கொண்டை. குளிருக்கு பல்பை ஒட்டி உட்கார்ந்து, கொண்டை வெந்த பச்சோந்திகள் உண்டு.

இன்னொன்று யூவிபி என்கிற புற ஊதாக் கதிருக்கு. இந்தக் கதிர் தோலில் பட்டால்தான் உடம்பில் வைட்டமின் டி3 உண்டாகும். அது இருந்தால்தான் தின்கிற கால்சியம் எலும்புக்குப் போகும். இல்லாவிட்டால் எலும்பு மெத்தென்று ஆகி, கால் வில்லாக வளையும். நீளமான, மெல்லிய டி5 (T5) யூவிபி டியூப் வாங்குங்கள், கதிரின் அளவாக 5.0 அல்லது 6% என்று போட்டிருக்கும். சுருள் பல்ப் ஒரு சின்ன வட்டத்துக்கு மட்டும்தான் கதிர் தரும், வேண்டாம். டியூபை மேல் வலையின் மீது வைத்து, கிளையை அதற்கு 15 முதல் 20 செ.மீ. கீழே கட்டுங்கள். ஜன்னலோரம் வெயில் வருகிறதே என்று கேட்பீர்கள். ஜன்னல் கண்ணாடி யூவிபியைத் தடுத்துவிடும். டியூப் பளிச்சென்று எரிந்தாலும் கதிர் மெல்லக் குறையும், அது நம் கண்ணுக்குத் தெரியாது; வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

இரண்டையும் டைமரில் போட்டு 12 மணி நேரம் எரிய விடுங்கள். அப்புறம் முழு இருட்டு. சிவப்பு பல்ப், நீல பல்ப் எதுவும் வேண்டாம். இரவில் வீடு 18 டிகிரிக்கு இறங்கினால் அதற்கு நல்லதே.

4. தண்ணீர்

கிண்ணத்தில் வைத்தால் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. இலையில் உருளும் துளியைத்தான் நக்கும். காலையில் விளக்கு எரிவதற்கு முன்னும், இரவில் அணைந்த பிறகும் இரண்டிரண்டு நிமிடம் தெளியுங்கள். மதியம் ஒரு டப்பாவின் அடியில் ஊசியால் துளையிட்டு மேலே வைத்தால் கால் மணி நேரம் இலைமேல் சொட்டும். பகலில் கூண்டு காய வேண்டும். 30 முதல் 50 சதவீத ஈரப்பதம் பகலுக்குப் போதும், இரவில் 80க்கு மேல் ஏறலாம். நாள் முழுக்க ஈரமாகவே வைத்திருப்பதுதான் நோய்க்கு வழி.

இங்கே குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடி வீடே வற்றிப்போகும். அப்போது இரவில் புகைபோல குளிர்ந்த நீர்த்திவலை விடும் ஃபாகர் ஒன்று உதவும்.

தெளித்த தண்ணீர் எங்கே போகும் என்று நான் யோசிக்கவே இல்லை. மூன்றாம் வாரம் கம்பளத்திலிருந்து வாடை வந்தது. வீட்டுக்கார அம்மா மோப்பம் பிடிப்பதற்குள் கூண்டுக்கு அடியில் துளையிட்ட தட்டும் அதற்கும் கீழே ஒரு வாளியும் வைத்தேன். நீங்கள் முதல் நாளே வைத்துவிடுங்கள்.

தண்ணீர் போதுமா என்பதை எச்சம் சொல்லும். அதில் உள்ள சுண்ணாம்பு போன்ற பகுதி வெள்ளையாக இருந்தால் சரி. ஆரஞ்சு நிறமானால் தண்ணீர் போதவில்லை.

5. பெண்ணாக இருந்தால்

ஆணே இல்லாமலும் முட்டை இடும். தோண்ட இடம் இல்லாவிட்டால் முட்டை உள்ளேயே சிக்கி உயிர் போய்விடும். ஆழமான ஒரு டப்பாவில் 30 செ.மீ. உயரத்துக்குக் கழுவிய ஈரமணல் போட்டு மூலையில் நிரந்தரமாக வையுங்கள். சுரங்கம் தோண்டினால் இடியாத அளவு ஈரம் வேண்டும். அது தோண்டும்போது எட்டிப் பார்க்காதீர்கள். பார்த்தால் பாதியில் நிறுத்திவிடும்.

6. காலியாக ஒரு வாரம்

எல்லாம் மாட்டியாயிற்றா? இப்போது பச்சோந்தி இல்லாமலே ஒரு வாரம் ஓட்டுங்கள். காலை, மதியம், இரவு என்று சூட்டையும் ஈரத்தையும் குறித்து வையுங்கள். டைமர் தவறுவது, வாளி நிரம்பி வழிவது, பல்ப் அதிகம் சுடுவது எல்லாம் இந்த வாரத்தில்தான் தெரியும். எனக்கு மூன்றுமே தெரிந்தன.

கொண்டுவந்த பிறகு முதல் இரண்டு வாரம் கையில் எடுக்க வேண்டாம். இரையாகக் கொடுக்கும் கிரிக்கெட் (சுவர்க்கோழி) பூச்சிகளுக்கு முந்தின நாள் கீரையும் கேரட்டும் தின்னக் கொடுத்து, டி3 சேராத கால்சியம் தூளைப் பூசி உள்ளே விடுங்கள். மிச்சப் பூச்சியை இரவில் விட்டுவைத்தால் அவை தூங்குகிற பச்சோந்தியைக் கடிக்கும்.

பகலில் கண்ணை மூடிக்கொண்டிருந்தாலோ, கண் குழி விழுந்திருந்தாலோ காத்திருக்காதீர்கள். எல்லா விலங்கு மருத்துவரும் பச்சோந்தியைப் பார்ப்பதில்லை. கூண்டு காலியாக ஓடுகிற அந்த வாரத்திலேயே நாலு இடத்துக்குப் போன் போட்டு, பார்ப்பவரின் எண்ணைக் கூண்டுச் சட்டத்தில் ஒட்டி வையுங்கள்.