மழை வாரத்தில் பந்தயப் புறா: பறக்கவிடுவது எளிது, உள்ளே வரவழைப்பதுதான் பாடு

மார்கழிக் கடைசியில் காரைக்குடிப் பக்கம் ஒரு மழை வரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஓய்ந்தது, இனிப் பனிதான் என்று நம்பிக் கூண்டுக்குச் சுண்ணாம்பு அடித்து முடித்த மறுநாள் வரும். தையில் முதல் பந்தயம் வைத்திருப்பவனுக்கு அது மிகச் சரியாகக் கடைசி வாரத்தில் வந்து தொலைக்கும். நான்கு நாள் அடைத்து வைப்பதா, நனைந்தாலும் பரவாயில்லை என்று திறந்துவிடுவதா? இரண்டையும் செய்து இரண்டிலும் அடிபட்ட பிறகுதான் இதை எழுதுகிறேன்.

ஹோமர் (வீடு திரும்பும் பந்தயப் புறா) எங்கே வாங்குவது, கால் வளையம் எந்த நாளில் போடுவது என்பதெல்லாம் இதில் இல்லை. உங்கள் புறாக்களைத் திருமயம், புதுக்கோட்டை, திருச்சி என்று தூரம் கூட்டிக் கூட்டி விட்டுப் பழக்கியிருக்கிறீர்கள். முதல் பந்தயம் விழுப்புரத்திலிருந்து. இன்னும் ஏழு நாள். வெளியே தூறிக்கொண்டிருக்கிறது. அங்கிருந்து தொடங்குவோம்.

முதலில் என் கதை

விழுப்புரத்திலிருந்து எங்கள் மாடிக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 220 கிலோமீட்டர். காலை 7 மணிக்கு அங்கே புறாக் கூடைகளைத் திறந்தார்கள். என் சாம்பல் பேடை 10.22க்கு வடக்கே புள்ளியாகத் தெரிந்தது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. அது நேராக வந்தது, கூண்டுக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றியது, பிறகு எதிர்வீட்டு ஓட்டின் உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டது. இறகைச் சிலுப்பியது. அலகால் ஒவ்வோர் இறகாக நீவியது. 41 நிமிடம்.

எதிர்வீடு எங்கள் ஊர்ப் பெரிய வீடுகளில் ஒன்று. முன் தெருவில் வாசல், பின் தெருவில் கொல்லை. கல்யாணம், படைப்பு என்றால்தான் திறப்பார்கள். சாவி சென்னையில் இருக்கிறது. உள்ளே போய் விரட்டக்கூட வழியில்லை. புறா கூண்டுக்குள் நுழைந்து கடிகாரத்தில் பதிவாகும்வரை பந்தயம் முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். நிமிடத்துக்கு 1,089 மீட்டர் என்று வந்திருக்க வேண்டிய வேகம் 905 ஆகிவிட்டது.

அந்தப் பேடையைப் பல நாள் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகுதான் புரிந்தது, அதற்கு அந்த ஓட்டைப் பழக்கியவனே நான்தான் என்று. முந்தைய வாரம் மழை விட்ட போதெல்லாம் திறந்துவிட்டேன். இறங்கு பலகை ஒட்டுப்பலகை. நனைந்து, எச்சமும் சேர்ந்து, பாசி படிந்த ஊரணிப் படி மாதிரி வழுக்கியது. பொறியின் (புறா கம்பியைத் தள்ளி உள்ளே நுழையும் வாசல்) மரச்சட்டம் ஊறி உப்பி, தொங்கு கம்பிகள் பாதி ஆடாமல் நின்றன. முட்டிப் பார்த்து அலுத்த புறாக்கள் எதிரே போய் ஓட்டில் காய்ந்தன. ஐந்து நாள் அப்படியே நடந்தது. ஆறாவது நாள் பந்தயம்.

அதனால் என் கட்சி இதுதான்: மழை வாரத்தில் இறக்கைக்குப் பயிற்சி கொடுப்பதை விட நுழைவுக்குப் பயிற்சி கொடுங்கள். திருச்சிவரை ஒழுங்காகப் பறந்து வந்த புறாவுக்கு மூன்று நாள் பறப்பு குறைந்தால் தசை கரைந்துவிடாது. மூன்று நாள் கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டால் போகாது.

1. புறாவைத் தொடுவதற்கு முன் பலகையைப் பாருங்கள்

தொங்கு கம்பி ஒவ்வொன்றையும் ஒரு விரலால் தூக்கி விடுங்கள். ‘டிக்’ என்று தானாக விழ வேண்டும். தயங்கி விழுந்தால் சட்டம் உப்பியிருக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மெழுகுவர்த்தியை அந்த இடத்தில் நாலு இழுப்பு இழுத்துவிடுங்கள். எண்ணெய் போடச் சொல்பவர்கள் உண்டு. போடாதீர்கள், அது இறகில் ஒட்டும்.

ஒட்டுப்பலகையைத் தூக்கி எறியுங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில், பழைய வீடுகளைப் பிரித்த சாமான் விற்கும் கடைகளில் கேட்டால் துண்டு பர்மா தேக்கு கிடைக்கும். முழுக் கதவு, தூண் எல்லாம் வெளியூர்க்காரர்களுக்கு வைத்திருக்கும் விலை, நமக்குக் கட்டாது. மூன்றடி விட்டத் துண்டு போதும். எத்தனையோ மழை பார்த்த மரம், இன்னொரு மழைக்கு உப்பாது. அதன் மேல் தென்னைநார் மிதியடியை ஆணி அடித்து விடுங்கள். சாக்கு வேண்டாம். சாக்கு ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு மூன்றாம் நாள் நாறும். பலகைக்கு மேலே ஒன்றரை அடி நீட்டித் தகரம் இறக்கினால் வேலை முடிந்தது.

2. தீனியைக் குறையுங்கள்

ஒரு புறா நாளைக்கு 30 கிராம் சுமாருக்குத் தின்னும். பறக்காத நாளிலும் மக்காச்சோளமும் வேர்க்கடலையுமாக அதே அளவு போட்டால் அது பந்தயப் புறா இல்லை, குழம்புக்குத் தயாராகும் புறா. அடைத்து வைத்த நாளில் 25 கிராம், அதில் பாதி நெல்லும் பார்லியும். பார்லி நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். மீதி கம்பு, சோளம், கொஞ்சம் பச்சைப்பயறு. பந்தயத்துக்கு அனுப்ப இரண்டு நாள் இருக்கும்போது மக்காச்சோளத்தையும் கடலையையும் ஏற்றிக்கொள்ளலாம்.

மழை நாளில் கடலையை மோந்து பார்க்காமல் போடாதீர்கள். பூஞ்சணம் பிடித்த கடலையும் மக்காச்சோளமும் ஈரலைக் கெடுக்கும். நன்றாகக் காய்ந்ததை மூடி இறுக்கமான தகர டின்னில் வைத்தால் இந்தக் கவலை குறையும்.

முக்கியமான செய்தி, தீனி எப்போதும் பறந்து வந்த பிறகுதான். வயிறு நிறைந்த புறாவுக்குக் கூண்டுக்குள் வர என்ன அவசரம்?

3. இடைவெளியைப் பிடியுங்கள்

வானிலைத் துறையின் காரைக்கால் ராடார் படத்தைத் திறந்து வைத்துக்கொள்வேன். (காரைக்கால், காரைக்குடி அல்ல. என் மைத்துனர் ஒரு வருடம் இதைக் குழப்பிக்கொண்டு நம் ஊரில் ராடார் இருக்கிறது என்றே சொல்லித் திரிந்தார்.) மழைக் கட்டிகள் கடலிலிருந்து எந்தப் பக்கம் நகர்கின்றன என்பது அதில் தெரியும். ஒரு மணி நேரம் வெறுமையாகத் தெரிந்தால் எனக்கு அரை மணி நேரம் கிடைக்கும். அதுவே போதும். நாளைக்கு ஒரு தடவை, 20 முதல் 30 நிமிடம்.

மேகமாக இருக்கிறது, சூரியன் இல்லை, திசை தெரியாமல் போய்விடும் என்று சிலர் பூட்டியே வைப்பார்கள். பழகிய புறாவுக்கு அந்தப் பயம் வேண்டாம். 1971ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கீட்டன் என்ற ஆய்வாளர் புறாக்களின் முதுகில் சிறு காந்தத் துண்டைக் கட்டிவிட்டுப் பார்த்தார். வெயில் நாளில் அவை வீட்டுத் திசையைப் பிடித்தன. மூட்டமான நாளில் காந்தம் கட்டியவை தடுமாறின, பித்தளைத் துண்டு கட்டியவை தடுமாறவில்லை. அதாவது சூரியன் இல்லாதபோது புறா நிலத்தின் காந்தத்தை வைத்துச் சமாளிக்கிறது என்பது அவர் கணிப்பு. நம் மாடிக்கு மேலே சுற்றுவதற்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் தேவையில்லைதான். ஆனால் மூடுபனி வேறு விஷயம். எங்கள் மாடியிலிருந்து தெரியும் கோபுரத்தின் கலசம் மறைந்திருந்தால் நான் கதவைத் தொடமாட்டேன்.

இன்னொன்று, மழை விட்டதும் பசியோடு கிளம்புவது நம் புறா மட்டுமல்ல. பனிக்காலத்தில் வலசை வரும் பைரி என்ற வேட்டைப் பறவையும் அதே இடைவெளிக்குத்தான் காத்திருக்கிறது. திறப்பதற்கு முன் ஐந்து நிமிடம் வானத்தையும், பக்கத்துச் செல்போன் கோபுரத்தின் உச்சியையும் பாருங்கள்.

4. திறப்பது

இதில் சொல்ல அதிகம் இல்லை. திறங்கள், தள்ளி நில்லுங்கள். அடைந்து கிடந்த கூட்டம் வெடித்துக் கிளம்பும், ஐந்து பத்து நிமிடம் கண்ணில் படாமல்கூடப் போகும். கொடி ஆட்டி, கழியில் பிளாஸ்டிக் பை கட்டி விரட்டி மேலேயே வைத்திருக்கும் பழக்கம் எனக்கு எந்தப் பருவத்திலும் பிடிக்காது. மழை வாரத்தில் அது முட்டாள்தனம். இறங்க நினைக்கும் புறாவை விரட்டினால் அது எங்கே இறங்கும்? பூட்டிய வீட்டு ஓட்டில்.

திடீரென்று தூறல் பிடித்துக்கொண்டால் பதற வேண்டாம். புறாவின் இறகில் ஒரு வெண்பொடி உண்டு. கறுப்புச் சட்டையோடு தூக்கிப் பாருங்கள், மார்பில் மாவு கொட்டியது போல ஒட்டும். குளிக்கவைத்த தொட்டியில் வெள்ளையாக ஏடு மிதப்பதும் அதுதான். அந்தப் பொடி நன்றாக இருக்கிற புறாவின் மேல் தூறல் முத்தாக உருண்டு ஓடும். நீர் இறகோடு ஒட்டி, மார்பு கருத்துச் சப்பையாகத் தெரிந்தால் அந்தப் புறாவுக்கு உடம்பு சரியில்லை, பந்தயத்துக்கு அனுப்பாதீர்கள். ராடாரை விட இதை நான் அதிகம் நம்புகிறேன்.

சில புறாக்கள் தூறலில் மொட்டை மாடித் தரையில் ஒருக்களித்துப் படுத்து, ஒரு இறக்கையை மட்டும் நேராகத் தூக்கி, அக்குளில் மழை வாங்கும். பிறகு புரண்டு மறு இறக்கை. பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கும். பார்த்துக்கொண்டே நின்றுவிடாதீர்கள், அடுத்து அது தேங்கிய நீரைக் குடிக்கும். மாடியில் தேங்கிய நீரில் எச்சம் கரைந்திருக்கிறது. திறப்பதற்கு முன்பே துடைப்பத்தால் தள்ளிவிடுங்கள்.

5. அழைப்பது (நான் சறுக்கிய இடம்)

நானும் எல்லாரையும் போலத் தகர டப்பாவில் கம்பைப் போட்டுக் குலுக்கித்தான் அழைப்பேன். வெயில் காலத்தில் அந்தச் சத்தத்துக்கு மூன்றாம் தெருவில் பறக்கும் புறா திரும்பும். மழையில் திரும்பவில்லை. ஏன் என்று எனக்கு வெகுநாள் தெரியவில்லை. ஒரு நாள் எதிர்வீட்டு வாசல் திண்ணையில் ஒதுங்கி நின்றபோது, என் மகன் மாடியில் டப்பாவைக் குலுக்குவதைப் பார்த்தேன். கை ஆடுகிறது, சத்தம் வரவில்லை. எங்கள் மாடிக் கொட்டகை தகரக் கூரை. அதில் மழை விழும் இரைச்சலும் டப்பாவில் கம்பு உருளும் சத்தமும் ஒன்றேதான்! புறாவின் காதுக்கு நான் ‘மழை பெய்கிறது’ என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்றிலிருந்து விசில். விளையாட்டு ஆசிரியர்கள் ஊதும் பட்டாணி விசில். உள்ளே உருண்டை இல்லாத பிளாஸ்டிக் விசில் வேண்டாம், கீச்சென்று இருக்கும். இரண்டு நீளம், ஒரு குட்டை. ஆனால் இதை மழை வாரத்தில் புதிதாகத் தொடங்குவது சிரமம். புரட்டாசியிலேயே ஒவ்வொரு வேளைத் தீனிக்கும் ஊதிப் பழக்கியிருக்க வேண்டும். இப்போது தொடங்குகிறீர்கள் என்றால், கூண்டுக்குள் அடைத்தபடியே ஊதிவிட்டுத் தீனி போடுங்கள். நான்கு நாளில் பிடித்துக்கொள்ளும்.

விசில் ஊதியதும் பலகையில் தீனி போடக் கூடாது. உள்ளே, கம்பிக்கு அந்தப் பக்கம், ஒரு தட்டில் உடைத்த வேர்க்கடலை. கடலை தட்டில் விழும் சத்தம் கேட்க வேண்டும். முதல் புறா கம்பியைத் தள்ளி நுழைந்ததும் மற்றவை வரிசையில் நெருக்கும். கடைசியாக வந்ததற்குக் கடலை இல்லை. கொடுமைதான், ஆனால் மறுநாள் அது முதல் ஐந்தில் இருக்கும்.

அப்படியும் ஒன்று ஓட்டில் உட்கார்ந்துவிட்டால் கல் எறியாதீர்கள். பழைய நாட்டு ஓடு, உடைந்தால் சென்னைக்குப் பதில் சொல்ல வேண்டும். அதன் ஜோடியைப் பலகைக்குப் பக்கத்துச் சிறு கூண்டில் தெரியும்படி வையுங்கள். பிறகு கீழே இறங்கிப் போய்விடுங்கள். நாம் நின்று முறைத்துக்கொண்டிருந்தால் அது வராது.

6. உள்ளே வந்த பிறகு

முகத்தைப் புறா இருக்கும் உயரத்துக்குக் குனிந்து மூச்சை இழுத்துப் பாருங்கள். கண் எரிந்தால் கூண்டில் எச்சத்தின் காட்டம் ஏறியிருக்கிறது. மழைக்குப் பயந்து நாலா பக்கமும் தார்ப்பாய் கட்டினால் இப்படித்தான் ஆகும். சாரல் அடிக்கும் பக்கம் மட்டும் கட்டி, மேலே ஒரு சாண் திறந்து விடுங்கள். தரையில் உமி, மரத்தூள் பரப்புவதை நான் நிறுத்திவிட்டேன். எல்லாம் ஈரத்தைப் பிடித்து வைக்கும். காய்ந்த தரையைச் சுரண்டி எடுப்பதற்கு ஈடு எதுவும் இல்லை.

அனுப்புவதற்கு முந்திய நாள் பறப்பும் இல்லை, குளியலும் இல்லை. வானம் வெளுத்து வெயிலே அடித்தாலும் இல்லை. அன்றைக்கு ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டுத் தேவகோட்டையிலிருந்து ஒருவர், நனைந்த புறாவுக்குத் தலைமுடி உலர்த்தும் கருவியைக் காட்டலாமா என்று கேட்டார். வேண்டாம். இரைச்சலிலேயே பாதி உயிர் போய்விடும். காற்று வரும் இடத்தில் விட்டால் தானே காயும்.

புதுவயல்காரர் ஒருவர் கேட்டதுதான் எனக்கே உறைத்தது. பகல் 12 மணி வாக்கில் மழை விடுகிறது, திறந்தால் பேடைகள் மட்டும் கிளம்புகின்றன, சேவல்கள் அசைவதில்லை, நோயா என்றார். நோய் இல்லை, அவை அடைகாக்கின்றன. முட்டை வைத்த ஜோடியில் சேவல் காலை பத்து மணி வாக்கில் உட்கார்ந்து மாலைவரை இருக்கும், மற்ற நேரம் பேடை. நான் காலையிலேயே பறக்கவிட்டுப் பழகியதால் இதை யோசிக்கவே இல்லை. நண்பகல் இடைவெளியைப் பேடைகளுக்கு விடுங்கள், சேவல்களுக்கு விடிகாலையில் வானம் பாருங்கள். அடையில் இருக்கும் சேவலைக் கையால் தூக்கிப் பறக்கவிட முயன்றவர் ஒரு முட்டையை உடைத்துவிட்டுத்தான் எனக்குப் போன் செய்தார்.